சுவானியின் சனிக்கிழமை: ஒரு சின்னப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, ஒரு விமர்சனம்

டென்னசி மாநிலத்தில், கம்பர்லாண்ட் பீடபூமியின் மேல், சுமார் 13,000 ஏக்கர் காட்டுக்கு நடுவே சுவானி என்ற சின்ன ஊர். அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தின் முறையான பெயர் ‘யூனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்’. பேச்சில் அந்தப் பெயர் வருவது அபூர்வம். ஊர்ப்பெயரே பல்கலைக்கழகத்தின் பெயராகிவிட்டது. இளங்கலை மாணவர்கள் சுமார் 1,700 பேர். அணியின் பெயர் டைகர்ஸ், நிறம் ஊதா. செப்டம்பர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை சனிக்கிழமைகளில் ஆடும் இந்த அணியின் சொந்த மைதான ஆட்டம் ஒன்றுக்காக ஒரு முழு நாளைச் செலவிடலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

செலவிடலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். ‘ஆறு நாளில் ஐந்து வெற்றி’ என்ற 1899-ன் கதையை மட்டும் கேட்டுவிட்டு மலையேறுகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அதே பல்கலைக்கழகம் 1940-ல் எடுத்த முடிவையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதற்கு இணையான சனிக்கிழமை அதிகம் கிடைக்காது. (ஃபுட்பால் என்று இங்கே சொல்வது ஹெல்மெட்டும் முட்டை வடிவப் பந்தும் உள்ள அமெரிக்க ஆட்டத்தை. நாம் கால்பந்து என்பது அங்கே சாக்கர்.)

போவதற்கு முன் படிக்க வேண்டியது

சுவானி 1891-ல் ஆடத் தொடங்கியது. அதே ஆண்டு சட்டனூகாவில் டென்னசி பல்கலைக்கழகத்தை 24–0 என்று வென்றது. டென்னசியின் ஃபுட்பால் வரலாற்றில் முதல் ஆட்டமே அதுதான். இன்று ஒரு லட்சம் பேர் உட்காரும் நெய்லண்ட் ஸ்டேடியத்தை வைத்திருக்கும் அணி, தன் கணக்கையே சுவானியிடம் தோற்றுத்தான் ஆரம்பித்தது. 1894-ல் தெற்குப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முதல் விளையாட்டுச் சங்கத்தை அமைத்தபோதும் சுவானி அதன் ஆரம்ப உறுப்பினர்.

1899-ன் எண்கள் இவை: 12 ஆட்டம், 12 வெற்றி, அடித்த புள்ளிகள் 322, கொடுத்தது 10. அந்தப் பத்தும் ஒரே ஆட்டத்தில் போனவை. மற்ற பதினொன்றில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வரிசைப்படி: ஜார்ஜியா 12–0, ஜார்ஜியா டெக் 32–0, டென்னசி 46–0, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன் 54–0. அடுத்து அந்தப் பயணம். நவம்பர் 9 வியாழன், ஆஸ்டினில் டெக்சஸ் 12–0. நவம்பர் 10, ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் 10–0. நவம்பர் 11, நியூ ஆர்லியன்சில் துலேன் 23–0. ஞாயிறு ஓய்வு. நவம்பர் 13, பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34–0. நவம்பர் 14, மெம்பிசில் மிசிசிப்பி 12–0. ஊர் திரும்பிய பின் கம்பர்லாண்ட் 71–0, ஆபர்ன் 11–10, வட கரோலினா 5–0.

இந்த ஸ்கோர்களை இன்றைய விதிகளை மனதில் வைத்துப் படிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. அன்று டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) 5 புள்ளி, அதன்பின் கிடைக்கும் கூடுதல் உதைக்கு 1, ஃபீல்டு கோலுக்கும் (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல்போஸ்டுகளுக்கு இடையே உதைப்பது) 5. டச்டவுன் 6 ஆனது 1912-ல்தான். ஆகவே 12–0 என்பது இரண்டு டச்டவுன், இரண்டு உதை. ஆபர்னிடம் வந்த 11–10-ல் இரு தரப்பும் இரண்டு முறை ஐந்தைந்து எடுத்தன. வித்தியாசம் ஒரே ஒரு உதை. முன்னோக்கிப் பந்தை எறியும் பாஸ் 1906 வரை விதியிலேயே கிடையாது. மூன்று டவுனில் (டவுன் என்பது பந்தை முன்னே நகர்த்தும் ஒரு முயற்சி) 5 யார்டு நகர்ந்தால் போதும். நான்கு டவுனில் 10 யார்டு என்பது பிற்காலத்து ஏற்பாடு. மைதானம் 110 யார்டு. பாதிக்கு 35 நிமிடம் என்று முழு ஆட்டம் 70 நிமிடம். கேப்டன்கள் பேசிக்கொண்டு குறைப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, ஒருமுறை வெளியே போன ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது என்பது. தாக்குதல், தடுப்பு, உதை மூன்றையும் அதே பதினொரு பேர் செய்தார்கள். இன்று தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு ஓர் அணி, உதைக்குத் தனி ஆட்கள் என்று வைத்துக்கொண்டே வாரத்துக்கு ஒரு ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆறு நாளில் ஐந்து என்பதன் கனம் ஸ்கோரில் இல்லை, இந்த விதியில்தான் இருக்கிறது.

பயணம் சுமார் 2,500 மைல், முழுக்க ரயிலில். ஆட்டம் முடிந்ததும் வண்டி ஏறி, தூங்கி எழுந்தால் அடுத்த ஊர். ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டன் இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 165 மைல். ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சுமார் 350. மலையூற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஆட்டக்காரர்களின் ஷூக்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் பின்னால் வரவழைத்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. தண்ணீர்க் கதையில் நடைமுறை அறிவு இருக்கிறது. ஊர் ஊராகக் குடிநீர் மாறி ஒருவருக்கு வயிறு கெட்டால், மாற்று ஆள் குறைவான அணியில் அதுவே ஒரு தோல்விக்குப் போதும்.

ஏன் இப்படி ஒரு பைத்தியக்கார அட்டவணை? பணம். நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு டிக்கெட் வசூலைப் பிரிப்பதில் தகராறு வந்து, நல்ல வருமானம் தரும் அந்த ஆட்டம் கைவிட்டுப் போனது. அணியின் மாணவ மேலாளர் லூக் லீ அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒரே பயணத்தில் ஐந்து ஆட்டங்களைக் கோத்தார். ஒரு ரயில் செலவில் ஐந்து வசூல். 1899-ன் சாதனை வீரத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். அது பிறந்தது கணக்குப் புத்தகத்தில். லீ பிறகு நாஷ்வில்லில் ‘டென்னசியன்’ பத்திரிகையை ஆரம்பித்தார், அமெரிக்க செனட்டுக்குப் போனார், முதல் உலகப்போர் முடிந்தபின் நெதர்லாந்தில் ஒளிந்திருந்த ஜெர்மன் பேரரசர் கைசரைப் பிடித்து வரக் கிளம்பி வெறுங்கையோடு திரும்பினார், கடைசியில் வங்கி மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். ஆறு நாள் அட்டவணை போட்ட ஆளின் மீதி வாழ்க்கையும் அதே வேகம்தான்.

புள்ளி கொடுத்த அந்த ஒரே ஆட்டத்தில் ஆபர்னின் கோச்சாக இருந்தவர் ஜான் ஹைஸ்மன். கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருது இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. தோற்ற கையோடு நடுவரைக் குறைசொல்லிப் பத்திரிகைக்கு எழுதினார். சுவானி அணியின் கேப்டன் ஹென்றி சைபல்ஸ். கோச் பில்லி சூட்டர். சைபல்ஸின் பெயர் கல்லூரி ஃபுட்பால் புகழரங்கில் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து சுவானியில் சென்டராக (தாக்குதல் வரிசையின் நடுவில் நின்று பந்தைக் கொடுப்பவர்) ஆடிய ஃபிராங்க் ஜுஹானுக்கும் அங்கே இடம் உண்டு. அவர் பின்னாளில் ஃபுளோரிடாவின் எபிஸ்கோபல் பிஷப். திருச்சபை நடத்தும் பல்கலைக்கழகம் என்பதால் இது அங்கே யாருக்கும் வியப்பாகத் தோன்றாது.

ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை: இவை எல்லாம் வெள்ளையர் மட்டுமே ஆடிய ஃபுட்பால். தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்களில் அந்தக் கதவு திறக்க 1960-கள் ஆயின. 1899-ஐ ‘எக்காலத்திலும் தலைசிறந்த அணி’ என்று கொண்டாடுகிற எழுத்துகளில் இந்த ஒரு வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

யாரும் பேசாத 37 தோல்வி

1932 டிசம்பரில் 13 பல்கலைக்கழகங்கள் சதர்ன் கான்ஃபரன்ஸிலிருந்து (கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) பிரிந்து சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸை, அதாவது எஸ்.இ.சி.யை, அமைத்தன. அலபாமா, ஆபர்ன், ஃபுளோரிடா, ஜார்ஜியா, எல்.எஸ்.யு., டென்னசி என்று பெரிய தலைகள் நிறைந்த அந்தப் பட்டியலில் சுவானியும் இருந்தது. 1933 முதல் 1940 வரை கான்ஃபரன்ஸுக்குள் ஆடிய ஆட்டங்கள் 37. வெற்றி பூஜ்யம். டிரா கூடக் கிடையாது.

காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். 1899-ல் ஒரு நல்ல பதினொன்றும் கொஞ்சம் மாற்று ஆட்களும் இருந்தால் யாரையும் வெல்லலாம். மாற்றக்கூடாது என்ற விதியே சின்ன அணிக்குச் சாதகம், ஏனென்றால் பெரிய அணியின் இரண்டாம் வரிசை உட்கார்ந்தே இருக்கும். பாஸ் வந்து, மாற்றும் விதிகள் தளர்ந்து, மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கில் மாணவர்களைச் சேர்த்து, ஆட்டக்காரர்களுக்குக் கல்விச் சலுகையும் கொடுக்க ஆரம்பித்ததும் எண்ணிக்கைதான் பலமானது. மலைமேல் சில நூறு மாணவர்களை வைத்திருந்த ஒரு திருச்சபைக் கல்லூரி அந்தப் பந்தயத்தில் ஓட வழியில்லை. தோல்விக்குப் போகவர ஆகும் செலவும் வேறு.

1938-ல் வைஸ் சான்சலராக வந்த அலெக்ஸாண்டர் கெர்ரி, ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்து ஆட வைப்பதை விரும்பாதவர். 1940 முடிவில் சுவானி எஸ்.இ.சி.யை விட்டு வெளியேறியது. ஆரம்ப 13 பேரில் முதலில் போனது இதுதான். ஜார்ஜியா டெக் 1964-லும் துலேன் 1966-லும் பின்தொடர்ந்தன. எஸ்.இ.சி. இன்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் பங்கு கொடுக்கிறது. அதைச் சொல்லிச் சுவானியைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பணம் வர ஆரம்பிக்கும் வரை தாக்குப்பிடிக்க இன்னும் எத்தனை பூஜ்யங்கள் வேண்டியிருந்திருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். முதல் ஹைஸ்மன் விருது வாங்கிய ஜே பெர்வாங்கரை உருவாக்கிய இடம்; 1939-ல் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டது; அணி மீண்டும் முறையாகக் களமிறங்க 1969 ஆனது. சுவானி ஆட்டத்தை நிறுத்தவில்லை, யாரோடு ஆடுவது என்பதை மாற்றிக்கொண்டது. இந்த விமர்சனத்தின் கணக்கில் இந்த அணி செய்த மிக நல்ல காரியம் அது. 1899 அதற்கு அடுத்ததுதான்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1957-ல் கோச்சாக வந்த ஷெர்லி மேஜர்ஸ் 1977 வரை இருந்தார். அவர் காலத்தில் 1958-லும் 1963-லும் தோல்வியே இல்லாத சீசன்கள். (இவருடைய மகன் ஜானி மேஜர்ஸ்தான் 1976-ல் பிட்ஸ்பர்க்கை தேசிய சாம்பியனாக்கிய கோச்.) 1962-ல் தன்னைப் போன்ற கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு கான்ஃபரன்ஸ்; 1973-ல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்காத கல்லூரிகளுக்காக மூன்றாம் டிவிஷனை ஏற்படுத்தியபோது இவர்களுக்கென்றே தைத்த சட்டைபோல் அது அமைந்தது. 2012 முதல் சதர்ன் அத்லெட்டிக் அசோசியேஷனில் ஆடுகிறது.

எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ரோட்ஸ் கல்லூரி விருந்தாளியாக வரும் ஆண்டைப் பாருங்கள். மெம்பிசிலிருக்கும் ரோட்ஸ் வேறு யாருமல்ல; 1899-ல் 54–0 வாங்கிய சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன்தான். அப்போது கிளார்க்ஸ்வில்லில் இருந்தது, 1925-ல் மெம்பிசுக்கு மாறியது, 1984-ல் இன்றைய பெயரை வைத்துக்கொண்டது. அந்த 12 எதிரிகளில் இப்போதும் சுவானியின் வழக்கமான போட்டியாளராக இருப்பது இந்த ஒரு கல்லூரி. ஜெயிப்பவருக்கு எட்மண்ட் ஆர்கில் கோப்பை. இரண்டு அணிகளுமே ஒரே அளவு, ஒரே மாதிரி மாணவர்கள் என்பதால் ஆட்டமும் ஒருதலைப்பட்சமாகப் போவது குறைவு. சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி வரும். அட்டவணையைப் பார்த்துவிட்டே தேதி குறியுங்கள்.

சென்டர் கல்லூரி வந்தாலும் விடாதீர்கள். 1921-ல் ஹார்வர்டை 6–0 என்று வீழ்த்திய சின்னக் கல்லூரி அது. இரண்டு பழைய அதிசயங்கள் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கலாம். செப்டம்பரில் கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடும் ஆட்டங்களை இரண்டாம் பட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் அதிகம், அணியும் இன்னும் இணங்கி வந்திருக்காது.

போகும் வழியில்தான் பலர் ஆட்டத்தின் முதல் குவார்ட்டரை, அதாவது முதல் கால்பகுதியைத் தொலைக்கிறார்கள். நாஷ்வில்லிலிருந்து சுமார் 90 மைல், சட்டனூகாவிலிருந்து சுமார் 50. இரண்டு பக்கமிருந்தும் இன்டர்ஸ்டேட் 24. மான்டீகிளில் 134-ஆம் எக்ஸிட்டில் இறங்கி 41ஏ சாலையில் மேற்கே சில மைல். சட்டனூகாவும் அட்லாண்டாவும் கிழக்கு நேரம், சுவானி மத்திய நேரம். அதாவது கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் உபரி; ஃபோன் தானாகவே மாறிக்கொள்ளும், காரின் கடிகாரம் மாறாமல் போகலாம். அட்டவணையில் ‘1 மணி’ என்று இருந்தால் அது மத்திய நேரமா என்று பாருங்கள், முக்கியமாக ஜார்ஜியாவில் நடக்கும் ஆட்டங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது. மான்டீகிள் மலையின் இறக்கம் லாரி ஓட்டுநர்களிடையே பேர்போனது. மழையோ மூடுபனியோ இருந்தால் அரை மணி கூடுதலாக வைத்துக்கொண்டு, பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். பீடபூமி சுமார் 1,900 அடி உயரம். கீழே வெயிலடிக்கும் அக்டோபர் சனிக்கிழமையில் மேலே பனி மூடி, எதிர்ப்பக்க கோல்போஸ்ட் தெரியாமல் போவதும் உண்டு. ஸ்வெட்டர் அவசியம், அலுமினிய பெஞ்சாக இருந்தால் கீழே போட ஒரு மெத்தைத் துண்டும்.

மைதானத்தின் பெயர் ஹார்டி–மெகீ, அதைச் சுற்றி ஹாரிஸ் ஸ்டேடியம். தெற்கிலேயே மிகப் பழைய ஃபுட்பால் மைதானம் என்று பல்கலைக்கழகம் உரிமை கொண்டாடுகிறது. நூற்றாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் கோடு போட்டு ஆடுகிறார்கள். பழமையைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பார்க்கக் கிடைப்பது இன்றைய அளவில், இன்றைய விதியில் கோடு போட்ட 100 யார்டு களம்தான்.

ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது

தொலைக்காட்சியில் எஸ்.இ.சி. பார்த்துப் பழகியவர்களுக்கு மூன்று விஷயம் புதிதாக இருக்கும். முதலில் வேகம். 15 நிமிடக் குவார்ட்டர் நான்கு, நடுவில் 20 நிமிட இடைவேளை என்பதெல்லாம் ஒன்றுதான். ஆனால் விளம்பரத்துக்காக ஆட்டத்தை நிறுத்துவது கிடையாது. பெரிய டிவிஷனில் மூன்றரை மணி இழுக்கும் ஆட்டம் இங்கே பெரும்பாலும் இரண்டரை, இரண்டே முக்கால் மணியில் முடியும். தின்பண்டம் வாங்க எழுந்து போனால் ஒரு டச்டவுன் போய்விடும்.

இரண்டாவது, ஆளை அடையாளம் காண்பது. கல்லூரி விதியில் ஒரே எண்ணை இரண்டு பேர் போடலாம், இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மூன்றாம் டிவிஷனில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு என்ற பேச்சே இல்லாததால் பட்டியல் நீளமாகிறது, எண்கள் போதாமல் இரட்டிப்பாகின்றன. தாக்குதலில் ஒரு 7, தடுப்பில் வேறொரு 7. ரோஸ்டரை, அதாவது ஆட்டக்காரர் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பார்த்தால் ‘அந்தப் பையனே எல்லாம் செய்கிறான்’ என்று நினைத்துவிடுவீர்கள். 50 முதல் 79 வரை எண் போட்டவர்கள் தாக்குதல் வரிசையில் முன்னால் நிற்கும் கனமான ஆட்கள். பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை அவர்கள் முதல் அடி வைக்கும் திசையே சொல்லிவிடும். சின்னக் கல்லூரி ஆட்டத்தின் பெரிய சலுகை இது. இந்த முதல் அடியை இவ்வளவு கிட்டத்திலிருந்து ஒரு லட்சம் பேர் ஸ்டேடியத்தில் யாரும் பார்க்க முடியாது. அதற்காகவே 30 அல்லது 35 யார்டு கோட்டுக்கு நேரே, முடிந்தவரை மேல் வரிசையில் உட்காருங்கள். நட்டநடு 50-ல், கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பக்கவாட்டில் நிற்கும் மாற்று ஆட்களின் முதுகுதான் தெரியும்.

மூன்றாவது, உதை. இந்த மட்டத்தில் பலவீனமான கண்ணி அதுதான். ஒவ்வொரு டவுனும் தொடங்கும்போது பந்து இரண்டு உள்கோடுகளுக்குள்தான் வைக்கப்படும். கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கிடையே 40 அடி; தொழில்முறை மைதானத்தில் 18½ அடிதான். பந்து உள்கோட்டில் கிடந்தால் உதைக்கும் கோணம் குறுகிவிடும். பெரிய டிவிஷன் உதைப்பவருக்கு 35 யார்டு சாதாரணம். இங்கே அதே தூரம் நாணயத்தைச் சுண்டுவது போல. அதனால் எதிரணியின் 30 யார்டுக்குள் நான்காவது டவுன் வந்தால் கோச்சுகள் உதைக்காமல் துணிந்து ஆடுவதை அடிக்கடி பார்க்கலாம். அனுபவமில்லாத பார்வையாளர் அதை அவசரம் என்று நினைப்பார். அது வெறும் கணக்கு. 1899-ல் ஆபர்னை வென்றது ஒரு உதை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு கூடுதல் புள்ளி உதைக்கும் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும்.

சமநிலையில் முடிந்தால் ஓவர்டைம்: ஆளுக்கொரு முறை 25 யார்டிலிருந்து. இரண்டாவது சுற்றில் டச்டவுனுக்குப் பின், ஒரு புள்ளி உதைக்குப் பதில், பந்தை மறுபடி எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் இரண்டு புள்ளி முயற்சி கட்டாயம். மூன்றாவது சுற்றிலிருந்து இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டும், மாறி மாறி.

கூட்டம் எப்படி? பெரிய பல்கலைக்கழகங்களின் இரைச்சலை எதிர்பார்க்காதீர்கள். மொத்த மாணவர்களும் வந்தாலும் நெய்லண்டின் ஒரு மூலை நிரம்பாது. ஆனால் கோட்டும் டையும் கட்டி வகுப்புக்குப் போகிற பழக்கம் இன்னும் மிச்சமிருக்கும் கல்லூரி இது; நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் கறுப்பு அங்கி அணிவார்கள். அந்த உடையோடு பெஞ்சில் உட்கார்ந்து கத்தும் மாணவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

பழைய ஆவணங்கள் தேடுகிறவர்களுக்கு

சனிக்கிழமை ஆட்டத்தையும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போடாதீர்கள். முன்கூட்டியே எழுதி, வெள்ளிக்கிழமை வேலை நேரத்தில் வருவதாகச் சொல்லி, எந்த ஆண்டு, எந்த ஆட்டம் என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘1899 பற்றி எல்லாம்’ என்று கேட்டால் ஏற்கெனவே எங்கும் கிடைக்கும் அந்த ஒரே அணிப் புகைப்படம்தான் முதலில் வரும். மாணவர் பத்திரிகை ‘சுவானி பர்ப்பிள்’, ஆண்டு மலர் ‘கேப் அண்ட் கவுன்’ இரண்டும் நல்ல ஆரம்பம். ஆனால் இரண்டும் சொந்த வீட்டுக் குரல்; எதிர்த்தரப்பு ஊர்ப் பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் நடுவர் தகராறு, பாதி நேரக் குறைப்பு எல்லாம் வெளிவரும். பயணத்தில் போன ஆட்டக்காரர் எத்தனை பேர் என்பதில்கூட எழுத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஓர் எண்ணைப் பார்த்ததும் எழுதிவிடாதீர்கள்.

நேரம் குறைவாக இருந்தால் 1899-ஐ விட்டுவிட்டு 1933–40-ஐக் கேளுங்கள். நன்றாகத் தோற்ற ஓர் அணியின் எட்டு ஆண்டுகளைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. வெற்றிப் பயணம் ஏற்கெனவே பல முறை எழுதப்பட்டுவிட்டது.

பிள்ளையை இங்கே ஆட அனுப்பலாமா என்று பார்க்கும் பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, விதி அப்படி. கிடைப்பது குடும்ப வருமானத்தையும் படிப்பையும் வைத்துக் கொடுக்கும் உதவி மட்டும், அதுவும் ஆடாத மாணவருக்குக் கிடைக்கும் அதே அளவில். கோச் ஆசையாகப் பேசுவதும் அட்மிஷன் அலுவலகத்தின் கடிதமும் வேறு வேறு. கையில் வந்த உதவித்தொகைக் கடிதத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ‘ஆடுவதை நிறுத்தினால் இந்தத் தொகை குறையுமா?’ என்று நேராகக் கேளுங்கள். மூன்றாம் டிவிஷனில் அதற்கு வர வேண்டிய பதில் ‘இல்லை’. சீசன் 10 ஆட்டம், பயிற்சி ஆகஸ்டிலேயே ஆரம்பம், ஆய்வகப் பாடங்கள் பிற்பகலில் வந்தால் பயிற்சியோடு மோதும். பாட அட்டவணையை முதல் பருவத்திலேயே பேசி வையுங்கள். கல்லூரியே நிலைக்குமா என்பதும் இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இதே கான்ஃபரன்ஸிலிருந்த பர்மிங்ஹாம்–சதர்ன் 2024 மே மாதம் பணமில்லாமல் மூடிவிட்டது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஆட்டத்தின் தரம் 5-க்கு 3, பார்க்கும் வசதியும் நெருக்கமும் 4½, வரலாறு 5. அந்த வரலாற்றை அந்த ஊர் சொல்லிக்கொள்ளும் விதத்துக்கு 3 தான். ஒரு வாரத்தைப் பெரிதாக்கி, எட்டு ஆண்டுகளை அடிக்குறிப்பாக்கிவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் அரை மணி பொறுங்கள். ஊரைவிட்டு வெளியேறும் சாலை ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். வளாகத்தின் வாயிலைத் தாண்டும்போது முன்னால் போகும் கார்களில் உள்ளவர்கள் கூரையைத் தட்டுவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், ஒரு தேவதையைத் துணைக்கு அழைத்துப் போகும் உள்ளூர் வழக்கம் அது. சட்டனூகா, அட்லாண்டா பக்கம் திரும்புகிறவர்கள் காலையில் கிடைத்த உபரி ஒரு மணியை இப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு மேஜை பதிவு செய்திருந்தால் கிழக்கு நேரத்தைக் கணக்கிட்டுப் பதிவு செய்யுங்கள்.